சத்தம் யாருடைய காதில் விழுகுது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு நாங்கள் ஆறு பேர் ஒரு நண்பனின் வீட்டு விறாந்தையில் இருந்து '1917' படத்தை மூன்றாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். சுவரில் வெள்ளைத் துணி, வாடகைக்கு எடுத்த புரொஜெக்ரர், யாரோ ஒருவரின் பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குப் போய்வந்த பெரிய ஸ்பீக்கர் இரண்டு. சத்தம் அந்தமாதிரி. ஜேர்மன்காரர் விட்டுப்போன பதுங்குகுழி வெடித்துச் சரிகிற இடத்தில் கதிரையே அதிர்ந்தது. "இதுதானடா படம்" எண்டு ஒருத்தன் சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கரையில் வந்து நின்று கூப்பிட்டா.

"தம்பியவை, உந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கோ. மாமி எழும்பிட்டா. எந்தப் பக்கத்தால அடிக்கிறாங்கள் எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறா."

நாங்கள் குறைத்தோம். பிறகு நிற்பாட்டினோம். மாமிக்கு எண்பது தாண்டிவிட்டது, நினைவு முன்னுக்கும் பின்னுக்குமாகத்தான் ஓடும். ஆனால் கேட்ட கேள்வியில் பிழை ஒன்றும் இல்லை. ஷெல் விழுந்த ஊர்களில் இருந்த ஆட்கள் எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி அதுதான். எங்கே இருந்து குத்துறான், எங்கே விழப்போகுது. குத்துற சத்தத்துக்கும் விழுகிற சத்தத்துக்கும் இடையில் எண்ணிக்கொண்டு இருந்தவர்களுடைய காது அது. எங்களில் மூத்தவருக்கு 2009 இல் பன்னிரண்டு வயது, கடைக்குட்டிக்கு நாலு. எங்களுக்கு அந்தக் காது அரைவாசிதான் இருக்கிறது. ஆனபடியால்தான் ஸ்பீக்கர் வாடகைக்கு எடுக்கிறோம்.

அடுத்த நாள் வட்ஸப்பில் பெரிய சண்டை. ஒருத்தர், ஹெட்போன் போட்டுப் பாத்தால் பிரச்சினை முடிஞ்சுது என்றார். இன்னொருத்தர், உந்தப் போர்ப்படங்களும் வேண்டாம், உந்த ரொக் கத்தலும் வேண்டாம், எங்களுக்கு என்னத்துக்கு இது எண்டு கேட்டார். மூன்றாவது ஆள், கலை வேறை வாழ்க்கை வேறை எண்டு தொடங்கினார். இந்தக் கட்டுரை அந்தச் சண்டையின் முடிவு. கூட்டாக எழுதுகிறோம், கையெழுத்தும் கூட்டாகத்தான். ஒருத்தர் மட்டும் இன்னும் முகத்தை நீட்டிக்கொண்டிருக்கிறார்.

முதலில் பெரியவர்களுக்கு ஒரு பதில்

நாங்கள் ரொக், மெற்றல் கேட்கிறோம் என்றால் வீட்டில் வருகிற முதல் வசனம் எல்லாருக்கும் தெரியும்: ஷெல் சத்தம் கேட்டு வளந்த நீங்கள் என்னண்டு இந்தச் சத்தத்தைக் காசு குடுத்துக் கேக்கிறியள்?

பதில் லேசு. அந்தச் சத்தத்தை நாங்கள் கேட்கவில்லை, அது எங்கள்மேல் விழுந்தது. இந்தச் சத்தத்தின் சுவிச் எங்கட கையில் இருக்கிறது. கூட்டலாம், குறைக்கலாம், வேலிக்கரையில் அக்கா வந்தால் நிற்பாட்டலாம். பயத்தோடு கேட்ட சத்தத்தைப் பயம் இல்லாமல் திருப்பிக் கேட்கிறதில் ஒரு விடுதலை இருக்கிறது. அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. ரொக்கைக் காட்டுக்கத்தல் என்கிற அதே பெரியவர்கள், கோயில் திருவிழாவில் தவில் தனி நடக்கும்போது இரவு ஒரு மணிக்கும் வீதியில் நின்று தலையாட்டுகிறார்கள். தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கேட்ட கதையை இன்றைக்கும் கண் கலங்கச் சொல்கிற அப்பப்பாக்கள் எங்கட வீடுகளில் இருக்கிறார்கள். தவில் என்ன மெதுவான வாத்தியமா? காதுக்குப் பக்கத்தில் நின்றால் நெஞ்சு இடிக்கும். ஆனால் அந்தச் சத்தத்துக்குள் கணக்கு இருக்கிறது, எங்கே நிற்பாட்டுவது என்பதில் மானம் இருக்கிறது. நல்ல மெற்றல் ட்ரம்மரும் அதைத்தான் செய்கிறார். டெல்லிப் பெடியளின் பிளடிவூட் இசைக்குழு மெற்றல் கிற்றாரோடு டோல் அடிக்கிறதைக் கேட்டுப் பாருங்கோ, கோயில் வீதிதான் ஞாபகம் வரும். ஆக, சத்தம் எங்கட பிரச்சினை இல்லை. சத்தம் போடுகிறவர் யாருடைய காதில் அதைப் போடுகிறார் என்பதுதான் பிரச்சினை. இனி எழுதப்போவது எல்லாம் இந்த ஒரு கேள்விதான்.

'அப்பிடியே உண்மை மாதிரி'

புதுப் போர்ப்படங்களுக்கு எங்கட ரசிகர்கள் கொடுக்கிற ஆகப் பெரிய பாராட்டு இது. அப்பிடியே உண்மை மாதிரி. எந்த உண்மை? யாருடைய உண்மை?

'1917' ஐயே எடுப்போம். சாம் மென்டிஸ் எடுத்த படம், றொஜர் டீக்கின்ஸ் கமரா, ஒரே ஷொட்டில் எடுத்தது போன்ற ஓட்டம், மூன்று ஒஸ்கார். மறுக்கவில்லை, கை தேர்ந்த வேலை. ஆனால் அந்த எரிகிற ஊர்க் காட்சியை நினைத்துப் பாருங்கோ. வானத்தில் வெளிச்சக் குண்டு ஏறி இறங்குது, இடிந்த சுவர்களின் நிழல் நீண்டு சுருங்குது, தோமஸ் நியூமனின் இசை எழும்புது. எவ்வளவு வடிவு! எங்கட வீடுகளில் அந்த வெளிச்சத்துக்குப் பெயர் பரா லைற். அம்மாக்களைக் கேட்டால், பரா லைற் எழும்பினால் குப்புறப் படுக்கச் சொன்ன கதைதான் வரும், நிழல் வடிவாக இருந்த கதை வராது. எரிகிற ஊரை இவ்வளவு வடிவாகப் பார்க்க வேண்டுமென்றால் அது உங்கட ஊராக இருக்கக் கூடாது. கமரா ஓடுகிறவனோடு ஓடுது, எரிகிற வீட்டுக்காரனோடு நிற்கவில்லை.

இதில் வேடிக்கை, இதே மென்டிஸ் 2005 இல் 'ஜார்ஹெட்' எடுத்தவர். வளைகுடாப் போருக்குப் போகவிருக்கும் அமெரிக்க மரீன்கள் ஒரு மண்டபத்தில் இருந்து 'அபொகலிப்ஸ் நௌ' படத்தின் ஹெலிகொப்ரர் தாக்குதல் காட்சியைப் பார்க்கிறார்கள். வியட்நாம் கிராமத்தின்மேல் குண்டு விழ விழ எழும்பி நின்று கூவுகிறார்கள், இசையோடு சேர்ந்து பாடுகிறார்கள். கொப்போலா போரின் பைத்தியத்தைக் காட்ட எடுத்த காட்சி, போருக்குப் போகிறவனுக்கு உசார் மருந்தாகிவிட்டது. போர்ப்படங்களைப் பற்றி ஒரு போர்ப்படம் சொன்ன ஆகப் பெரிய உண்மை அது. அதை எடுத்த மனிசனே பதினாலு வருடம் கழித்து எங்களை அந்த மண்டபத்துக் கதிரையில் இருத்திவிட்டார். நாங்களும் "இதுதானடா படம்" எண்டு கூவினோம்.

2022 இல் நெற்ஃபிளிக்ஸில் வந்த 'ஒல் குவயட் ஒன் த வெஸ்ரேர்ண் ஃப்ரொண்ட்' நாலு ஒஸ்கார் எடுத்தது. அதன் தொடக்கம் எங்களுக்கு இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. செத்த சிப்பாயின் உடுப்பைக் கழற்றி, இரத்தம் தோய்ந்ததைத் தோய்த்து, தையல் மெசினில் ஓட்டை அடைத்து, அடுத்த பெடியனுக்குக் கொடுக்கிறார்கள். அவன் கழுத்துப் பட்டியில் வேறொருவனின் பெயரைக் கண்டு, இது வேறை ஆளின்ர எண்டு சொல்கிறான். அதிகாரி பெயரைப் பிய்த்தெறிகிறார். அந்த ஐந்து நிமிடத்துக்காக அந்த இயக்குநருக்கு நாங்கள் எழும்பி நின்று கை தட்டுவோம். ஆனால் முடிவு? றெமார்க்கின் நாவலில், 1918 ஒக்ரோபரில், போர்முனை அமைதியாக இருந்த ஒரு நாளில் அந்தப் பெடியன் சாகிறான். இராணுவ அறிக்கையில் புதிதாக ஒன்றும் இல்லை எண்டு எழுதப்படுகிறது. அதுதான் புத்தகத்தின் பெயரே. ஒரு பிள்ளை செத்தது செய்தியே இல்லை என்கிற கொடுமை. படத்தில் அந்த அமைதியைத் தூக்கி எறிந்துவிட்டு, போர்நிறுத்தம் வர நிமிடங்கள் இருக்க ஒரு பெரிய தாக்குதலை வைத்து, சத்தத்துக்கு நடுவில் அவனைச் சாக வைத்தார்கள். அமைதியைப் பெயரில் வைத்துக்கொண்டு அமைதியைத் தாங்க முடியாத படம். எங்களுக்கு அது துரோகம்.

போன வருடம் வந்த படங்களில் ஆகக்கூடக் கொண்டாடப்பட்ட ஒன்று 'வார்ஃபெயார்'. அலெக்ஸ் கார்லண்டும், ஈராக்கில் நேவி சீல் ஆக இருந்த றே மென்டோஸாவும் சேர்ந்து 2025 இல் எடுத்தது. 2006 இல் றமாடி நகரில் நடந்ததைச் சிப்பாய்களின் ஞாபகத்தை வைத்து அப்படியே எடுத்தோம் என்கிறார்கள். பின்னணி இசை கிடையாது. இதைத்தான் நேர்மை என்கிறார்கள் எங்கட நண்பர்கள். இசையை எடுத்தால் மட்டும் நேர்மை வந்துவிடுமா? இரவில் ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் புகுந்து, சுவரை உடைத்து, வீட்டுக்காரரை ஒரு அறையில் அடைத்துவிட்டு, அந்த வீட்டைக் காவலரண் ஆக்குகிறார்கள். குண்டு வெடிக்கிறது. வெடித்ததும் சிப்பாய்களின் காது அடைத்து, எல்லாச் சத்தமும் தண்ணீருக்குள்ளால் வருவது போல் வருகிறது. பயங்கரமான ஒலி வேலை. ஆனால் அதே வெடி அந்தக் குடும்பத்தின் காதிலும்தானே விழுந்தது? அந்த அறைக்குள் அது எப்படிக் கேட்டது? கமரா உள்ளே எட்டிப் பார்க்கிறது, இருந்து கேட்கவில்லை. சிப்பாய்கள் போன பிறகு உடைந்த வீட்டோடு அவர்கள் மிஞ்சுகிறார்கள். படம் முடிகிறபோது உண்மையான சிப்பாய்களின் படங்கள் திரையில் வருகின்றன. எங்களுக்கு அந்த இடத்தில்தான் படம் தொடங்கியிருக்க வேண்டும். ஆமி போன பிறகு வீட்டைக் கூட்டுகிறது யார்?

இதே காதடைப்பு வேலையை 1985 இல் சோவியத் இயக்குநர் எலெம் கிளீமொவ் செய்துவிட்டார். 'கம் அண்ட் ஸீ' எண்டு ஆங்கிலத்தில் அறியப்படும் படம். பெலாரூஸ் கிராமத்துப் பெடியன் ஒருவன், பக்கத்தில் குண்டு விழுந்து காது இரைகிறது. பிறகு வருகிற நேரம் முழுக்க எங்களுக்கும் இரைகிறது. அவன் வீட்டுக்குப் போகிறான், வீட்டில் ஒருவரும் இல்லை, அடுப்பில் சூடு இன்னும் ஆறவில்லை, காது இரைந்துகொண்டே இருக்கிறது. உத்தி ஒன்றுதான், காது வேறை. ஒன்றில் வீட்டுக்குள் புகுந்தவனின் காது, மற்றதில் வீட்டைத் தேடிப் போனவனின் காது. இரண்டையும் 'உண்மை மாதிரி' எண்டு ஒரே கூடைக்குள் போடுகிறவர்களோடுதான் எங்களுக்குச் சண்டை.

சரி, வெள்ளைக்காரனை மட்டும் திட்டிப்போட்டுப் போகலாம் எண்டு யாரும் நினைக்க வேண்டாம். 2024 தீபாவளிக்கு 'அமரன்' வந்தது. காஷ்மீரில் கொல்லப்பட்ட மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. நாங்கள் தியேட்டருக்குப் போனோம். சாய் பல்லவி அழுத இடத்தில் நாங்களும் அழுதோம், அதில் கள்ளம் இல்லை, ஒரு மனிசன் செத்தால் அவன் வீட்டுக்காரிக்கு அது சாவுதான். ஆனால் சிப்பாய்கள் துவக்கோடு ஊருக்குள் இறங்குகிற காட்சிகளில் விசில் பறந்ததே, அது எங்கட ஊர் விசில். சுற்றிவளைப்பில் விடியக் காலமை பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தப்பட்டு, தலையாட்டிக்கு முன்னால் ஒவ்வொருவராக நடந்து போன அப்பாக்களின் பிள்ளைகள் அடித்த விசில். ஒரு நல்ல பின்னணி இசை போதும், நாங்கள் கதவுக்கு உள்ளே நின்றவர்கள் என்பதை மறந்து கதவை உதைக்கிறவனோடு சேர்ந்துவிடுவோம். அந்தப் படத்தில் காஷ்மீர்க்காரருக்கு வீடு இருக்கிறது, கதை இல்லை. எங்களுக்கும் கனகாலம் மற்றவர்களின் படங்களில் அப்படித்தான் இருந்தது.

கிற்றாரையும் விசாரிப்போம்

ரொக் ரசிகர்களுக்கு ஒரு பெருமை உண்டு: ரொக் எண்டால் போருக்கு எதிரானது. வியட்நாம் காலத்துக் கதைகளை வைத்துக்கொண்டு ஐம்பது வருடமாக இந்தப் பெருமையில் வண்டி ஓடுகிறது. கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

1989 டிசெம்பரில் அமெரிக்கப் படை பனாமாவுக்குள் புகுந்தபோது, நொரியேகா வத்திக்கான் தூதரகத்துக்குள் ஒளித்துக்கொண்டார். அவரை வெளியே கொண்டுவர அமெரிக்க ஆமி ஸ்பீக்கர் கட்டி ரொக் பாட்டுப் போட்டது. 2003 இல் ஈராக்கில் கைதிகளைத் தூங்கவிடாமல் விசாரிக்க மெற்றாலிக்காவின் 'என்ரர் சான்ட்மன்' ஐப் போட்டார்கள். சின்னப் பிள்ளையின் இரவுப் பயத்தைப் பற்றிய பாட்டு, தூக்கத்தைப் பறிக்கிற ஆயுதமானது. நைன் இஞ்ச் நெயில்ஸின் ட்ரென்ட் றெஸ்னர் தன்னுடைய இசை இப்படிப் பாவிக்கப்பட்டதைப் பெரிய அவமானம் எண்டு வெளிப்படையாகக் கண்டித்தார். எல்லாரும் அப்படிக் கண்டிக்கவில்லை. ஆக, டிஸ்ரோர்ஷனுக்குக் கட்சி கிடையாது. சுவிச் யாருடைய கையில் இருக்கிறதோ அவர்களுடைய கட்சி.

எங்கட தலைமுறைக்கு ரொக் எண்டால் முதலில் லிங்கின் பார்க்தான். பெரியவர்களின் பழைய போனில் புளூரூத்தில் வந்து சேர்ந்த குழு. 2007 இல் வந்த 'மினிட்ஸ் டு மிட்நைட்' ஆல்பத்தில் 'வட் ஐவ் டன்' எண்டு ஒரு பாட்டு. அதன் வீடியோ முழுக்க மனிசன் மனிசனுக்குச் செய்த கொடுமைகள், போரும் பஞ்சமும் அணுகுண்டும். அதே வருடம் அந்தப் பாட்டு 'ட்ரான்ஸ்ஃபோர்மர்ஸ்' படத்துக்குப் போனது. அமெரிக்க இராணுவத்தின் விமானங்களும் ஒத்துழைப்பும் கொண்டு எடுக்கப்பட்ட படம், போர் விமானத்தை விளையாட்டுச் சாமான் மாதிரி மினுக்கிக் காட்டின படம். குற்ற உணர்ச்சிப் பாட்டு, குற்றமே இல்லாத படத்துக்கு. நாங்கள் இரண்டையும் ஒரே நாளில் ரசித்தோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் அதே ஆல்பத்தில் இன்னொரு பாட்டு இருக்கிறது, 'ஹான்ட்ஸ் ஹெல்ட் ஹை'. டிஸ்ரோர்ஷன் இல்லை. ஒரு ஓர்கன், அணிவகுப்பு மேளம் மாதிரி ஒரு ட்ரம், மைக் ஷினோடாவின் குரல். ஈராக் போர்க் காலத்தில், போருக்கு அனுப்புகிறவன் போகமாட்டான் என்கிற கோபத்தை மெல்லமாகச் சொல்கிற பாட்டு. இதை எந்த ரோபோ படத்துக்கும் போட ஏலாது. இதுதான் எங்கட அளவுகோல்: ஒரு பாட்டைத் தூக்கிக் குண்டுவீச்சுக் காட்சிக்குப் பின்னால் போட முடிகிறதா, இல்லையா?

இப்போது புதுசுக்கு வருவோம். செஸ்ரர் பெனிங்ரன் 2017 இல் போன பிறகு, 2024 இல் எமிலி ஆம்ஸ்ட்ரோங்கோடு லிங்கின் பார்க் திரும்பி வந்தது. 'ஃப்ரொம் ஸீரோ' ஆல்பத்தை நாங்கள் பயத்தோடுதான் கேட்டோம். பயம் வீண். அந்தப் பெண்ணின் குரலுக்கு நெஞ்சு இருக்கிறது. செஸ்ரரைப் போல வேண்டும் எண்டு ஒப்பாரி வைக்கிறவர்களுக்கு எங்களிடம் பதில் இல்லை, ஆறுதல் மட்டும்தான். ஆனால் ஒரு குறை. முழு ஆல்பமும் 'நீ எனக்குச் செய்தது, நான் எனக்குச் செய்தது' என்கிற அறைக்குள்ளேயே சுற்றுகிறது. ஜன்னல் ஒன்றும் திறக்கவில்லை. அதில் வருகிற 'ஹெவி இஸ் த கிரவுண்' ஒரு கணினி விளையாட்டுச் சாம்பியன்ஷிப்புக்குக் கீதமானது. நல்லாய்த்தான் இருக்கிறது, ஆனால் எங்கட அளவுகோலில் தோல்வி. எந்தக் குண்டுவீச்சுக்கும் அது பொருந்தும்.

இதற்கு நேரெதிர் 2020 நவம்பர். சிஸ்ரம் ஒஃப் எ டவுண் பதினைந்து வருடம் புதுப் பாட்டு இல்லாமல் இருந்தார்கள், தங்களுக்குள் அரசியல் சண்டை வேறு. ஆர்ட்சாக்கில் போர் தொடங்கியதும் ஒன்று சேர்ந்து இரண்டு பாட்டு வெளியிட்டு, வந்த காசை ஆர்மேனியாவுக்குக் கொடுத்தார்கள். இனப்படுகொலையில் தப்பியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அந்தக் காது வீட்டுக்குள் இருக்கிற காதுதான், அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அதில் ஒன்றின் பெயரே மண்ணைக் காக்கச் சொல்கிறது, கேட்கும்போது எங்களுக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்தது. 2005 இல் அனுப்பப்படுகிறவன் ஏன் எப்போதும் ஏழையாக இருக்கிறான் எண்டு கேட்ட அதே குழு, 2020 இல் நில், காவு எண்டு பாடுகிறது. யார் நிற்பது? மூன்று வருடம் கழித்து, 2023 செப்ரெம்பரில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மேனியர் ஒரே பாதையால் அந்த மண்ணைவிட்டு வெளியேறினார்கள். அந்த வாகன வரிசையை ரீவியில் பார்த்தபோது எங்கட அம்மா ஒருவர் சொன்னது: "தொண்ணூற்றைஞ்சு ஒக்ரோபர் மாதிரிக் கிடக்கு." வலிகாமத்தை விட்டு இரவோடு இரவாக நாவற்குழிப் பக்கம் நடந்ததைச் சொன்னா. அந்த நடைக்கு ஒரு ரொக் பாட்டும் இல்லை.

எங்கட பாட்டுகள்

இதை எழுதுவதா விடுவதா எண்டுதான் ஆகக் கூடக் கதைத்தோம். எழுதத்தான் வேண்டும்.

பாட்டு என்ன செய்யும் எண்டு சொல்ல எங்களுக்கு மெற்றாலிக்கா தேவையில்லை. ஸ்பீக்கர் கட்டின வாகனத்தில் எழுச்சிப் பாட்டு வீதியால் போன காலத்தில் வளர்ந்தவர்கள் எங்கட அண்ணாக்களும் அக்காக்களும். இசை என்று பார்த்தால் அவற்றில் சில நல்ல பாட்டுகள், இப்பவும் கேட்டால் மயிர் கூச்செறியும். அதுதான் பயமே. பாட்டைக் கேட்டுத் தானாக எழும்பிப் போன பதினாறு வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள், போகமாட்டேன் எண்டு அழ அழ ஏற்றப்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் பின்னால் ஒரே பாட்டுத்தான் ஓடியது. மற்றப் பக்கத்திலும் இதே கதை. 2009 மே மாதம் தெற்கில் பாற்சோறு கொடுத்து, வீரப் பாட்டுப் போட்டு, வீதியில் ஆடினார்கள். அந்தப் பாட்டு முள்ளிவாய்க்கால் பக்கம் யாருடைய காதில் எப்படி விழும் எண்டு ஆடினவர்களில் எத்தனை பேர் யோசித்தார்கள்?

ஆனபடியால் "பாட்டுத்தானே", "படந்தானே" எண்டு யாரும் எங்களிடம் சொல்ல வேண்டாம். பாட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு போகும் எண்டு கண்டு வந்த ஊர் இது.

அப்ப எங்களுக்கு என்னதான் வேணும்?

சத்தமே இல்லாத, அழுது வடிகிற படம் வேண்டும் எண்டு கேட்கவில்லை. மெற்றாலிக்காவின் 'வன்' இல் சத்தம் இருக்கிறது. கை கால் முகம் எல்லாம் போய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற முதலாம் உலகப்போர்ச் சிப்பாயின் கதை அது. 'ஜொனி கொற் ஹிஸ் கன்' படக் காட்சிகளை வைத்தே வீடியோ செய்தார்கள். கடைசியில் ட்ரம்ஸ் மெசின் துவக்கு மாதிரி அடிக்கிறது. ஆனால் அது சுடுகிறவனின் சந்தோசம் இல்லை, கத்த வாய் இல்லாதவனின் மண்டைக்குள் நடக்கிற கத்தல். அங்கே சத்தத்துக்கு உரிமை இருக்கிறது. பீ.ஜே. ஹார்வியின் 'லெற் இங்கிலண்ட் ஷேக்' 2011 இல் வந்தது. கல்லிப்போலியில் செத்துப்போன பெடியளைப் பற்றி, ஓட்டோஹார்ப் என்கிற தந்தி வாத்தியத்தைத் தட்டிக்கொண்டு, குழந்தைப்பிள்ளை மாதிரி ஒரு குரலில் பாடினா. அதுவும் ரொக்தான். அதைக் கேட்டுவிட்டு ஒருவனும் ஆமியில் சேரமாட்டான்.

படம் எண்டால், எங்கட தீவிலேயே ஒன்று இருக்கிறது. பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர', 1997. போர்க்களம் ஒரு காட்சியிலும் இல்லை. கண் தெரியாத ஒரு சிங்களக் கிராமத்து அப்பாவுக்கு, ஆமிக்குப் போன மகனின் உடல் எண்டு சீல் வைத்த பெட்டி வருகிறது. அவர் நம்பவில்லை. நட்டஈட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் மகன் செத்ததை ஒப்புக்கொண்டதாகும், ஆனபடியால் போடமாட்டார். வீட்டில் காசு இல்லை, ஊரே சொல்லுது, அவர் அசையவில்லை. கடைசியில் புதைகுழியைத் தோண்டிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே வாழைத் தண்டும் கல்லும். 2000 இல் அரசாங்கம் இந்தப் படத்தைத் தடுத்தது, உயர் நீதிமன்றம் போய்த்தான் திரைக்கு வந்தது. குண்டுச் சத்தம் எதற்கும் பயப்படாத அரசாங்கம் ஒரு குருட்டு அப்பாவின் மௌனத்துக்குப் பயந்தது.

இந்தப் படத்தை முதல் முதல் பார்த்தபோது எங்களுக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் எண்டு சொல்லத் தேவையில்லை. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் கொட்டில் போட்டு இருந்த அம்மாக்கள். மரணச் சான்றிதழும் வேண்டாம், நட்டஈடும் வேண்டாம், பிள்ளை எங்கே எண்டு சொல்லு என்கிற அம்மாக்கள். மொழி வேறை, மகன் போட்டிருந்த உடுப்பு வேறை, கையெழுத்துப் போடாத கை ஒன்றுதான். ஒரு சிங்களப் படம் எங்கட வீட்டுக்குள் நடப்பதைக் கேட்டிருக்கிறது. காஷ்மீர் வீட்டுக்குள் நடப்பதை நாங்கள் கேட்கவில்லை, விசில் அடித்தோம்.

ரசிகர்களே, சண்டைக்கு வாங்கோ. '1917' ஐத் திட்டினதுக்காக வாங்கோ, லிங்கின் பார்க்கில் கை வைத்ததுக்காக வாங்கோ. ஆனால் வரும்போது ஒரு கேள்விக்குப் பதிலோடு வாங்கோ: உங்களுக்குப் பிடித்த அந்தக் காட்சியில் சத்தம் யாருடைய காதில் விழுகுது? சுடுகிறவனின் காதிலா, வீட்டுக்குள் இருக்கிறவளின் காதிலா?

நாங்கள் ரொக் கேட்பதை விடப்போவதில்லை, போர்ப்படம் பார்ப்பதையும் விடப்போவதில்லை. வருகிற சனிக்கிழமை அதே விறாந்தையில் 'புரஹந்த களுவர'. பெரிய ஸ்பீக்கர் தேவைப்படாது, அந்தக் காசு மிச்சம். அக்காவையும் கேட்டிருக்கிறோம். மாமி முழிச்சிருந்தா கூட்டிக்கொண்டு வாறன் எண்டு சொன்னா. படம் முடிய மெற்றாலிக்கா போடுவோம், ஒன்பது மணிக்கு முன்னால், சத்தத்தைக் குறைத்து.